காணி அதிகாரம் மாகாணத்துக்கு வந்தா எங்கட பெர்மிட் காணி கிடைக்குமா?

மூதூர்ப்பக்கம்:
அப்பாட பேர்ல ரெண்டு ஏக்கர் பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தோட குடுத்தது, இருக்கு, திருகோணமலை மாவட்டத்தில மூதூருக்குக் கிழக்கால. 2006ல யுத்தத்தால வெளிக்கிட்டு ஓடினாக்கள் பத்து வருசம் கழிச்சுத்தான் திரும்பிப் போனம், அதுக்குள்ள காடு பத்திட்டு, வெட்டித் துப்புரவாக்கப் போனா ஒரு திணைக்களத்து ஆக்கள் வந்து கல்லு நட்டுட்டு இது எங்கட காணி எண்டுறாங்க. பெர்மிட் அம்மாட சூட்கேசுக்குள்ள பொலித்தீன் பையில கிடக்கு, மடிப்பெல்லாம் கிழிஞ்சு டேப் ஒட்டி வச்சிருக்கா. மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை அமுல்படுத்தி காணியை மாகாணத்துக்குக் குடுத்தா எல்லாம் சரி வரும் எண்டு எல்லாரும் சொல்லுறாங்க. உண்மையா அண்ணாமார்?

உவர்மலையான்:
தம்பி, எழுத்தில 1987லயே குடுத்தாச்சு. மாகாண சபை நிரலில, அதாவது சபைக்குரிய அதிகாரங்களிட பட்டியலில, காணி இருக்கு, ஆனா அதோட ரெண்டாவது பின்னிணைப்பை வாசிச்சுப் பாருங்கோ, அரச காணி குடியரசுக்குத்தான் சொந்தம், ஆருக்கும் குடுக்கிறதெண்டா மாகாண சபைட ஆலோசனைப்படி ஜனாதிபதி குடுக்கோணும் எண்டு கிடக்கு. சபை சொன்னாத்தான் குடுக்கலாம் எண்டு நாங்க அதை விளங்கிக்கொண்டம். ஆனா 2013 செப்டெம்பர்ல மலையகத்துத் தோட்டக் காணி வழக்கொண்டில உயர் நீதிமன்றம் அரச காணி அதிகாரம் மத்திய அரசாங்கத்திட கையிலதான் எண்டு சொல்லிப்போட்டுது. தேசிய காணி ஆணைக்குழு அமைக்கோணும், எல்லா மாகாண சபையும் அதில இருக்கோணும் எண்டும் அதே பின்னிணைப்பில இருக்கு, இத்தனை வருசமாகியும் அமைக்கேல்ல. எனக்கு இதுதான் பெரிய கோவம்.

கிண்ணியா நானா:
ஆலோசனை சொல்ல சபை எங்க இருக்கு? கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரோட முடிஞ்சது, அதுக்குப் பிறகு எலெக்சனே வைக்கல்ல, ஜனாதிபதி போடுற ஆளுநர்தான் எல்லாம். 2008ல இருந்து ஒரு தமிழ் முதலமைச்சர், ரெண்டு முஸ்லிம் முதலமைச்சர் திருகோணமலையிலயே இருந்து சபை நடத்தினாங்க, காணி விசயத்தில கைகட்டித்தான் இருந்தாங்க. இன்னொண்டு, மறைக்காமச் சொல்லுறன், சபைக்கு முழு அதிகாரமும் வந்தா யார் ஆளுறாங்களோ அவங்க ஆக்களுக்குத்தான் காணி போகும் எண்டு எங்கட பக்கத்துல பயம் இருக்கு, தமிழாக்களுக்கும் இருக்கும், கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள ஆக்களுக்கும் இருக்கும். அதுக்காக குடுக்க வேணாம் எண்டு சொல்ல வரல்ல, குடுக்கத்தான் வேணும். ஆருக்கு எவ்வளவு, எந்த முறையில எண்டு காணிக் கச்சேரி, அதாவது காணி கேக்கிறாக்களைக் கூப்பிட்டு விசாரிக்கிற கூட்டம், வச்சு ஊருக்கு முன்னால வெளிப்படையா செய்யோணும்.

பழைய காணிக்காரன்:
காணிப் பகுதியில கன வருசம் வேலை செஞ்சவன் நான். தம்பிட கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. வன இலாகாவும் தொல்லியலும் மத்திட திணைக்களம், வர்த்தமானியில, அதாவது அரசாங்க அறிவித்தல் இதழில, ஒதுக்கின காடெண்டா நாளைக்கே மாகாணத்துக்குக் காணி அதிகாரம் வந்தாலும் அந்தக் கல்லு தானா எழும்பிப் போகாது, வர்த்தமானியில இருந்து விடுவிக்கோணும். அதால சபை வரட்டும் எண்டு காத்திருக்காதேங்கோ. முதல்ல அந்த இடத்துக்கு வர்த்தமானி போட்டிருக்கா, எந்தத் திகதி எண்டு பாருங்கோ. உங்கட பெர்மிட் அதுக்கு முந்தினதெண்டா அது பெரிய பலம். பெர்மிட்டை இண்டைக்கே கலர் கொப்பி எடுங்கோ, அந்த டேப் மையைத் தின்னும். வருசக் காசு கட்டின துண்டு ஒண்டாவது வீட்டில தேடுங்கோ. காணிக்குள்ள கிணறு, தென்னை, பழைய அத்திவாரம் என்ன இருந்தாலும் காடு வெட்ட முதல் போட்டோ எடுங்கோ, ஆக்கள் இருந்த காணி எண்டதுக்கு அதுகள்தான் சாட்சி.

மூதூர்ப்பக்கம்:
கிணறு இருக்கு அண்ணே, கட்டு பாதி இடிஞ்சு உள்ளுக்க அத்தி மரம் முளைச்சிருக்கு. அப்பா கட்டின வருசத்த சீமெந்தில விரலால எழுதி வச்சவர், பாசியைச் சுரண்டினா தெரியும் எண்டு நினைக்கிறன். நாளைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறன்.