"குண்டு போடாவிட்டால் இன்னும் நிறைய பேர் செத்திருப்பார்கள்" என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

செந்தில், கரூர்:
வணக்கம். என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ஹிரோஷிமா நாளையொட்டிப் பள்ளியில் சொற்போர் வைத்திருக்கிறார்கள். "அணுகுண்டு வீசியது தவறு" என்ற அணியில் பேசுகிறாள். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது என் மைத்துனர் ஒரே கேள்வியில் மடக்கிவிட்டார். "அமெரிக்கப் படை ஜப்பானில் தரையிறங்கிச் சண்டை போட்டிருந்தால் அதைவிடப் பல மடங்கு பேர் செத்திருப்பார்களே, அது பரவாயில்லையா?" எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. எதிரணிப் பிள்ளைகளும் இதைத்தான் கேட்பார்கள். இன்னொன்று: "இன்றைக்கும் அங்கே குழந்தைகள் குறைபாட்டோடு பிறக்கின்றன" என்று உரையில் எழுதி வைத்திருக்கிறாள். அது சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேகர், ஈப்போ:
ஐயா, உங்கள் மைத்துனர் கேட்டதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். மலாயாவை ஜப்பான்காரன் மூன்றரை வருடம் ஆண்டான். தோட்டத்துத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட வைத்தான். காலரா, மலேரியா, பட்டினி. பல்லாயிரம் பேர் திரும்பி வரவே இல்லை. என் பாட்டியின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். ஜப்பான் சரணடைந்த செய்தி வந்தபோது தோட்டத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது என்று பாட்டி சொல்வார். ஒகினாவா சண்டையையும் பாருங்கள். 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்த ஒரு தீவில் மட்டும் அமெரிக்கர்கள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊர் மக்கள் செத்தது ஒரு லட்சம் அளவுக்கு இருக்கும் என்கிறார்கள். போர் இன்னும் ஒரு வருடம் நீண்டிருந்தால் எங்கள் பக்கம் என்ன மிஞ்சியிருக்கும்? மகள் இதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

சாந்தி, திருச்சி:
சேகர் அண்ணன் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்க மாட்டேன். சயாம் ரயிலில் செத்தவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது பெரிய குறை. ஆனால் அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் வேறு, ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவில் எரிந்தவர்கள் வேறு.

மைத்துனரின் கேள்விக்கு வருகிறேன். ஒன்று குண்டு, இல்லையென்றால் தரையிறக்கம், வேறு வழியே இல்லை என்று அவர் வைத்துக்கொள்கிறார். ஜப்பானின் கியூஷு தீவில் அமெரிக்கப் படை தரையிறங்கக் குறித்திருந்த நாள் நவம்பர் 1. கிட்டத்தட்ட மூன்று மாதம் கையில் இருந்தது. சக்கரவர்த்தியை நீக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்திருக்கலாம். போர் முடிந்தபின் அவரை விட்டுத்தானே வைத்தார்கள்? ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் சோவியத் படை புகுந்தது ஆகஸ்ட் 9. அதனால் டோக்கியோ என்ன முடிவெடுக்கிறது என்று பார்ப்பதற்குள், அதே நாள் காலை 11.02 மணிக்கு நாகசாகியில் இரண்டாவது குண்டு விழுந்துவிட்டது.

அந்த நாகசாகியைத்தான் உங்கள் மகள் அழுத்திப் பேச வேண்டும். ஜூலை 25 அன்று விமானப்படைக்குப் போன உத்தரவிலேயே, முதல் குண்டுக்குப் பிறகு மற்றவற்றைத் தயாராகத் தயாராகப் போடலாம் என்று இருந்தது. ஹிரோஷிமாவுக்கு ஜப்பான் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்து எடுத்த முடிவல்ல அது. ஆகஸ்ட் 11-க்கு வைத்திருந்ததை, வானிலை கெடப்போகிறது என்று 9-க்கு மாற்றினார்கள். அன்றைய குறி கோகுரா நகரம். மேகமும் புகையும் ஊரை மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. மறுநாள்தான் அமெரிக்க அதிபர் ட்ரூமன், இனி தன் உத்தரவு இல்லாமல் போடக்கூடாது என்று நிறுத்தினார். இன்னும் ஒரு லட்சம் பேரை, அத்தனை குழந்தைகளை, கொல்வதை நினைக்கவே முடியவில்லை என்று அவர் அமைச்சரவையில் சொன்னதாக அமைச்சர் ஹென்றி வாலஸ் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

குழந்தைகள் என்று அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. விமானத் தாக்குதலில் தீ பரவாமல் இருக்க ஹிரோஷிமாவில் வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்துவிட்டிருந்தார்கள். அன்று காலை வெட்டவெளியில் நின்றவர்களில் சுமார் 6,000 பிள்ளைகள் போய்விட்டார்கள். அதில் ஒரு பையனுடைய சாப்பாட்டு டப்பா அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அம்மா தேடிப்போய்க் கண்டெடுத்தபோது உடலோடு சேர்ந்து கிடந்ததாம். உள்ளே சோறு அப்படியே கரியாகியிருக்கும். படத்தில் பார்த்ததே எனக்குப் போதும்.

எனக்கு இந்த "உயிர் மிச்சம்" கணக்கில் இன்னொரு வருத்தமும் உண்டு. நான் புற்றுநோய் மருத்துவமனையில் கதிரியக்கப் பாதுகாப்பு பார்க்கிறேன். எங்கள் பிரிவில் எல்லோரும் நெஞ்சில் டிஎல்டி பேட்ஜ் குத்தியிருப்போம், உடம்பில் பட்ட கதிரின் அளவைப் பதிவு செய்வது அது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைச் சோதனைக்கு அனுப்புவோம். அந்தக் கதிரளவு ஐந்து ஆண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டைத் (கதிரளவின் அலகு) தாண்டக்கூடாது என்பது எங்கள் வரம்பு. அந்த எண்ணை வகுக்க உலகம் பெரிதும் நம்பியிருப்பது ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களின் உடம்பைத்தான். 1950 முதல் சுமார் 1,20,000 பேரை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். குண்டு வெடித்தபோது எந்த அறையில் இருந்தீர்கள், எந்தப் பக்கம் திரும்பி இருந்தீர்கள், நின்றீர்களா உட்கார்ந்திருந்தீர்களா, நடுவில் எத்தனை சுவர் என்று கேட்டு, வீட்டுப் படம் வரைந்து, ஒவ்வொருவரும் வாங்கிய கதிரளவைக் கணக்கிட்டார்கள். ரத்தப் புற்றுநோய் இரண்டு மூன்று வருடத்தில் ஏற ஆரம்பித்தது. மற்ற புற்றுநோய்கள் பத்து வருடம் கழித்து வர ஆரம்பித்து, வயதாக ஆகக் கூடின. சிறு வயதில் கதிர் பட்டவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் அவர்களை வைத்துத்தான் தெரிந்தது.

இந்த வேலையை 1947-இல் தொடங்கியது அமெரிக்க ஆணையம் ஒன்று. அழைத்துப்போய்ப் பரிசோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். சிகிச்சை தரவில்லை. எங்களைச் சோதனை எலியாக்கினார்கள் என்று பிழைத்தவர்கள் கொதித்தது நியாயம்தானே? ஜப்பான் அரசு அவர்களுக்கென்று மருத்துவச் சட்டம் கொண்டுவந்ததே 1957-இல்தான். பன்னிரண்டு வருடம் கழித்து!

1945 முடிவுக்குள் இறந்தவர்கள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000, நாகசாகியில் 70,000-க்கு மேல். கொரியாவிலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் இதில் பல்லாயிரம் பேர். "தரையிறங்கியிருந்தால்" என்று பேசுகிறவர்கள் அந்தப் பக்கம் வருங்காலத்தையெல்லாம் கூட்டிக்கொள்கிறார்கள், இந்தப் பக்கம் டிசம்பரோடு நிறுத்திவிடுகிறார்கள். ஐம்பது வயதில் மார்பகப் புற்றுநோயில் செத்த அன்றைய பள்ளிச் சிறுமியை எந்தப் பத்தியில் எழுதுவது?

செந்தில், கரூர்:
ரொம்ப நன்றிங்க. மகளிடம் அப்படியே காட்டினேன். மைத்துனர் இப்போது "போர் என்று வந்தபின் சட்டமாவது ஒன்றாவது" என்கிறார். அதற்கு ஏதாவது உண்டா?

ராஜன், வழக்கறிஞர்:
உண்டு. ஷிமோடா வழக்கு. பிழைத்தவர்கள் சிலர் ஜப்பான் அரசின் மீதே இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1951 சமாதான உடன்படிக்கையில் அமெரிக்காவிடம் கேட்கும் உரிமையை அரசு விட்டுக்கொடுத்துவிட்டதே என்பது அவர்கள் வாதம். 1963 டிசம்பர் 7 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு குண்டுவீச்சும் அன்றைக்கு நடப்பிலிருந்த சர்வதேசச் சட்டத்தின்படியே சட்டவிரோதம், ஆனால் தனிமனிதர் அதன் பேரில் இழப்பீடு கேட்க வழியில்லை என்று. ஆக, சட்டம் இருந்தது. வேதனை என்னவென்றால், 1945 ஆகஸ்ட் 10 அன்று, இது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம் என்று சுவிட்சர்லாந்து வழியாக அமெரிக்காவுக்குக் கண்டனம் அனுப்பிய அதே ஜப்பான் அரசு, இந்த வழக்கில் எதிர்த்தரப்பாக நின்று அதைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது என வாதாடியது. மகள் இதைச் சொல்லலாம், தேதியோடு.

சாந்தி, திருச்சி:
செந்தில், உங்கள் இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டேன். அந்த வரியை உரையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். குண்டு விழுந்தபோது வயிற்றில் இருந்த குழந்தைகள் பாதிக்கப்பட்டது உண்மை. குறிப்பாக எட்டாவது வாரத்திலிருந்து பதினைந்தாவது வாரம் வரையிலான கருவில் இருந்தவர்கள் சிறிய தலையோடும் மூளை வளர்ச்சிக் குறைபாட்டோடும் பிறந்தார்கள். ஆனால் பிழைத்தவர்களுக்கு அதன்பின் கருவாகிப் பிறந்த பிள்ளைகளைப் பல்லாயிரக்கணக்கில் பார்த்தும், பிறவிக் குறைபாடு கூடியதாக இதுவரை தெரியவில்லை. ஹிரோஷிமா இன்று பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் சாதாரண ஊர்.

நம் பக்கம் நல்லெண்ணத்தில்தான் இதைச் சொல்கிறோம். ஆனால் அங்கே இதே பேச்சை நம்பித்தான் பெண் கொடுக்க மறுத்தார்கள், பெண் எடுக்க மறுத்தார்கள். அதனால் குண்டு விழுந்த ஊர்க்காரர் என்பதையே பல பேர் கணவனிடம், மனைவியிடம்கூட மறைத்து வாழ்ந்தார்கள். வேலை கேட்கும் இடத்திலும் மறைத்தார்கள். மகள் அந்த இடத்தில் இதைப் பேசட்டும். வேறு விவரம் வேண்டுமானால் கேளுங்கள், இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன்.