ஸ்லிதர், மித்ரில், ஃபவுண்ட்ரி எல்லாம் ஓட்டியாச்சு, வால்ட் கான்ட்ராக்ட்ட மெயின்நெட்ல போடலாமா?

கேட்டவர்:
வணக்கம், சாலிடிட்டி 0.8ல (எத்தீரியம் கான்ட்ராக்ட் எழுதற மொழி) ஒரு சின்ன வால்ட் எழுதியிருக்கேன், ஈஆர்சி-4626ங்கற வால்ட் ஸ்டாண்டர்ட் மாதிரிதான், ஆனா ஷேர் கணக்கு மட்டும் லைப்ரரி எடுக்காம நானே எழுதினது. டோக்கன் போட்டா ஷேர் வரும், ஷேர திருப்பிக் குடுத்தா டோக்கன் வரும், அவ்ளோதான். கோட ஓட்டாம படிச்சே தப்பு தேடற ஸ்லிதர ஓட்டினா வார்னிங் பக்கம் பக்கமா கொட்டுது, பாதிக்கு மேல ஓப்பன்ஜெப்லின்ங்கற ரெடிமேட் லைப்ரரி ஃபைல்கள்ல இருந்து வருது, என் கோட்ல வித்ட்ராவுல ரீஎன்ட்ரன்சினு (ஒரு கால் முடியறதுக்குள்ள அதே கான்ட்ராக்ட திரும்ப கூப்பிடறது) ஒண்ணு காட்டுது. கோட் போகக்கூடிய பாதைகள தேடிப் பாக்கற மித்ரில ராத்திரி ஓட விட்டேன், டைம்அவுட் ஆகி இஷ்யூ எதுவும் இல்லைனு முடிஞ்சிருக்கு. ஃபவுண்ட்ரில இன்வேரியன்ட் டெஸ்ட் (கண்டபடி கூப்பிட்டுப் பாத்து, எப்பவும் உடையக்கூடாதத செக் பண்றது) பாஸ். இதுக்கு மேல என்ன பாக்கணும்? மத்தவங்க காசு உள்ள வரப்போகுது, அதான் கேக்கறேன்.

பதில் 1:
முதல்ல ஸ்லிதர் சத்தத்த குறைங்க ப்ரோ. ஃபில்டர்-பாத்ஸ் ஆப்ஷன்ல லைப்ரரி ஃபோல்டர குடுத்துடுங்க, மிச்சம் வர்றத ட்ரயேஜ்-மோட்ல ஒவ்வொண்ணா படிச்சு வேண்டாதத மறைச்சிடலாம், அடுத்த தடவ ஓட்டும்போது அது வராது. ஆனா ரீஎன்ட்ரன்சிய மட்டும் படிக்காம மறைச்சிடாதீங்க. வித்ட்ராவுல ஷேர எரிச்சிட்டு அப்புறம் டோக்கன் அனுப்பறீங்களா, இல்ல அனுப்பிட்டு எரிக்கறீங்களா? 2016 ஜூன்ல டிஏஓங்கற எத்தீரியம் ஃபண்டுல நடந்தது இந்த வரிசைப் பிரச்சனதான், ஈதர் முதல்ல வெளிய போச்சு, பேலன்ஸ் அப்புறம் குறைஞ்சுது, நடுவுல திரும்பத் திரும்ப கூப்பிட்டு 36 லட்சம் ஈதர் பக்கம் எடுத்துட்டாங்க. வரிசைய மாத்திட்டு, திரும்ப நுழையறத தடுக்கற நான்ரீஎன்ட்ரன்ட்டும் போட்டுடுங்க.

பதில் 2:
மித்ரில் சொன்னத அப்படியே எடுத்துக்காதீங்க. டைம்அவுட் ஆச்சுன்னா அது போன பாதைவரைக்கும் ஒண்ணும் கிடைக்கலைனுதான் அர்த்தம், போகாத பாதையப் பத்தி அது எதுவும் சொல்லல. அதோட டீஃபால்ட்டா ரெண்டு ட்ரான்சாக்‌ஷன் ஆழம்தான் பாக்கும், வால்ட்ல காசு போறதுக்கு பெரும்பாலும் அத விட நீளமான வரிசை வேணும். எனக்கு தெரிய வேண்டியது ஃபவுண்ட்ரிதான். டெஸ்ட் முடியும்போது கால்ஸ், ரிவர்ட்ஸ்னு (கூப்பிட்டது எத்தன, ரத்தாகி திரும்பினது எத்தன) ரெண்டு நம்பர் வரும் இல்லையா, அத போடுங்க. டோட்டல் அசெட்ஸ் எப்படி எடுக்கறீங்கனும் சொல்லுங்க.

கேட்டவர்:
வித்ட்ரா வரிசைய மாத்திட்டேன், நன்றி. கால்ஸ் 128000, ரிவர்ட்ஸும் கிட்டத்தட்ட அவ்ளோவே இருக்கு. டோட்டல் அசெட்ஸ்க்கு வால்ட் அட்ரஸோட டோக்கன் பேலன்ஸ அப்படியே படிக்கறேன்.

பதில் 2:
அப்போ அந்த டெஸ்ட் எதையும் டெஸ்ட் பண்ணல. 256 ரன், ஒவ்வொண்ணுலயும் 500 கால், எல்லாம் கதவுலயே திரும்பி வந்திருக்கு, ஏன்னா ஃபஸ்ஸர் (கண்டபடி கூப்பிட்டுப் பாக்கற பகுதி) கூப்பிடற அட்ரஸ்கிட்ட டோக்கனும் இல்ல, வால்ட் அத எடுத்துக்க அப்ரூவும் இல்ல. ஃபெயில்-ஆன்-ரிவர்ட் டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கறதால ரிவர்ட் ஆனத ஃபவுண்ட்ரி தோல்வியா எடுத்துக்காது. ஒரு ஹேண்ட்லர் (ஃபஸ்ஸருக்கும் வால்ட்டுக்கும் நடுவுல நிக்கற டெஸ்ட் கான்ட்ராக்ட்) எழுதுங்க, அதுலயே டோக்கன் மின்ட் பண்ணி அப்ரூவ் குடுத்துட்டு, தொகைய பவுண்ட் போட்டு ஒரு எல்லைக்குள்ள வச்சு டெபாசிட் கூப்பிடுங்க. கூடவே டொனேட்னு ஒரு ஃபங்ஷன் வைங்க, டெபாசிட் வழியா போகாம நேரா வால்ட் அட்ரஸ்க்கு டோக்கன் ட்ரான்ஸ்ஃபர் பண்றது. ஒவ்வொரு டெபாசிட் முடிஞ்ச உடனே கிடைச்ச ஷேரோட மதிப்பு போட்ட தொகைக்கு ரொம்ப குறையக்கூடாதுனு செக் வைங்க. பேலன்ஸ நேரா படிக்கறீங்கனு சொன்னதும் எனக்கு எங்க இடிக்கும்னு தோணிடுச்சு, ஆனா நீங்களே ஓட்டிப் பாருங்க.

கேட்டவர்:
உடைஞ்சிடுச்சு! வரிசை இதான்: ஒருத்தர் 1 வெய் (டோக்கனோட ரொம்ப சின்ன அலகு) டெபாசிட் பண்றாரு, 1 ஷேர் கிடைக்குது. அவரே 10,000 டோக்கன டொனேட் பண்றாரு. அடுத்தவர் 5,000 போடறாரு, வகுத்தா முக்கால் கூட இல்ல பாதிக்கும் கீழ வருது, சாலிடிட்டி கீழ வெட்டிடுது, அவருக்கு 0 ஷேர். இப்போ முதல் ஆள் அந்த ஒரே ஷேர வச்சு 15,000த்தையும் எடுத்துட்டுப் போயிடலாம். ஷேர் 0 வந்தா ரிவர்ட்னு ஒரு ரிக்வயர் போட்டா போதுமா?

பதில் 1:
போதாது. அதே நிலைமைல 15,000 போடறவர பாருங்க, 1.5க்கு ஒரு முடி கம்மியா வரும், வெட்டினா 1 ஷேர், ரிக்வயர் தாண்டிடும். மொத்தம் 25,000, ஆளுக்கு 12,500, அவருக்கு 2,500 போச்சு. மெம்பூல்ல (இன்னும் பதிவாகாத ட்ரான்சாக்‌ஷன் காத்திருக்கற இடம்) முதல் டெபாசிட் வர்றத பாத்துட்டு முந்திக்கறதுக்குனே பாட் வச்சிருக்காங்க, அதனால இது பேப்பர் கணக்கு மட்டும் இல்ல. சொந்தக் கணக்க விட்டுட்டு ஓப்பன்ஜெப்லின் 4.9 இல்ல அதுக்கு மேல உள்ள 4626 எடுங்க, கணக்குல மட்டும் சேக்கற விர்ச்சுவல் ஷேர் உள்ளயே இருக்கு. டோக்கன் மாத்திக்கற யூனிஸ்வாப் வி2ல முதல் 1000 ஷேர யாருக்கும் இல்லாம பூட்டி வைக்கறதும் இந்த பயத்துலதான்.

கேட்டவர்:
மாறிட்டேன், ஆனா அதே டெஸ்ட் இன்னும் ஃபெயில் ஆகுது. ரெண்டாவது ஆளுக்கு மறுபடி 0.

பதில் 2:
ஆகும். விர்ச்சுவல் ஷேர் எத்தனனு தீர்மானிக்கற டெசிமல்ஸ் ஆஃப்செட் டீஃபால்ட் 0. அதுல திருடனுக்கு லாபம் இல்லாம போயிடும், 10,000 போட்டவருக்கு 7,500தான் திரும்பும், ஆனா 5,000 போட்டவர் காசும் போயிடும். அத ஓவர்ரைட் பண்ணி 6 குடுங்க. அதே தாக்குதல்ல 5,000 போட்டவருக்கு 9,99,999 ஷேர் வரும், நஷ்டம் 0.01 டோக்கன் கூட வராது. செக்ல அந்த அளவு சின்ன விட்டுக்கொடுப்பு வைங்க, டொனேட்டுக்கும் நியாயமான மேல் எல்லை வைங்க.

கேட்டவர்:
இப்போ பாஸ், ரிவர்ட்ஸ் விரல் விட்டு எண்ற அளவுதான். ஆனா ஏன் ஸ்லிதர் இத பிடிக்கல?

பதில் 2:
உங்க கோட்ல எந்த வரியும் தப்பில்லையே, பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரியாதான் இருக்கு. ஷேரோட விலை நியாயமா இருக்கணும்ங்கறது உங்க மனசுல இருக்கு, கோட்ல எங்கயும் எழுதல, நீங்க ஹேண்ட்லர்ல எழுதினதுக்கு அப்புறம்தான் மெஷினுக்கு அது தெரிஞ்சுது. 2023 மார்ச்ல கடன் குடுக்கற யூலர்லயும் அப்படித்தான், ரிசர்வ்க்கு டொனேட் பண்ற ஃபங்ஷன்ல கடன் வாங்கினவர் நிலைமை சரியா இருக்கானு பாக்கற ஒரு செக் இல்ல, ஆடிட் பண்ண ப்ராஜெக்ட்தான், சுமார் 19.7 கோடி டாலர் போச்சு, பெரும்பகுதி அப்புறம் திரும்பி வந்துச்சு. அதனால மெயின்நெட் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வெளிப்படையான ஃபங்ஷனுக்கும் இது முடிஞ்சதும் எது மாறியிருக்கக்கூடாதுனு ஒரு வரி எழுதி வைங்க, அத எக்கிட்னாங்கற இன்னொரு ஃபஸ்ஸர்லயும் ஓட்டுங்க, அந்த வரிகளோட கோட வேற ஒருத்தர்கிட்ட படிக்கக் குடுங்க. ட்ரான்ஸ்ஃபர்ல ஃபீஸ் பிடிக்கற டோக்கன் வச்சும் ஹேண்ட்லர்ல ஒரு தடவ ஓட்டிடுங்க, டெபாசிட் தொகைய நீங்க எங்க எடுக்கறீங்கனு அப்போதான் தெரியும்.