திருச்சியில் நூலக மென்பொருள் நிரலாளர் சந்திப்பு: ஒரே நாளில் என்ன செய்யலாம்?

காவிரிக்கரையான் (கேள்வி):
தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்களில் கோஹா (நூற்பட்டியலையும் இரவலையும் கவனிக்கும் நூலக மென்பொருள்), டிஸ்பேஸ் (ஆய்வேடு போன்றவற்றை மின்வடிவில் சேமித்துத் தரும் மென்பொருள்) ஆகியவற்றைப் பராமரிப்பவர்களும் அவற்றுக்கு நிரல் எழுதுபவர்களும் ஒரு நாள் கூட வேண்டும் என்று சிலர் முயன்று வருகிறோம். சென்னையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வருவோருக்கு ஏறத்தாழ நடுவழியில் இருப்பதால் திருச்சியைத் தேர்ந்திருக்கிறோம். நாற்பது பேர் அமரக்கூடிய கணினி ஆய்வகம் ஒன்றும் கிடைக்கும் போலிருக்கிறது. குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை என்று முற்பகல் முழுவதும் கரைந்துபோகும் கருத்தரங்காக இது மாறிவிடக் கூடாது. 2006-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் முதல் மாநாட்டைக் கூட்டிய கோட்ஃபார்லிப் என்ற நூலக நிரலாளர் குழுவினரிடம் ஐந்து நிமிட மின்னல் உரை என்றொரு வழக்கம் உண்டு. அதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமா, வேறு என்ன சேர்க்கலாம்? நூலகர் நாளான ஆகஸ்ட் 12 பொருத்தமாக இருக்குமா?

பட்டியலாளர்:
ஆகஸ்ட் 12 வேண்டாம். அன்று இந்திய நூலக அறிவியலின் தந்தை அரங்கநாதன் பிறந்தநாள் விழா ஒவ்வொரு கல்லூரியிலும் நடக்கும். நூலகர் எவரும் இடத்தைவிட்டு நகர முடியாது. பருவத் தேர்வு நடக்கும் நவம்பரையும் ஏப்ரலையும் தவிர்த்து, ஒரு சனிக்கிழமையைப் பாருங்கள்.

மின்னல் உரைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். மீதி நேரத்தைத் தமிழ்த் தேடலுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. கோஹாவில் தேடலைக் கவனிக்கும் ஜீப்ராவின் சொல்லடைவு, ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துகளைச் சரியாகக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றப்படாத நூலகங்களில், நூல் அடுக்கில் இருந்தும் தமிழ்த் தலைப்பைத் தேடினால் கிடைக்காமல் போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அமைப்புக் கோப்பைத் திருத்தி, முழு அடைவையும் மறுபடி உருவாக்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து செய்து பார்த்தவருக்கு அது கடினமான வேலை அன்று. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகத் தட்டச்சு செய்தவரும், கொம்பும் காலுமாக இரண்டாகத் தட்டச்சு செய்தவரும் உண்டாக்கிய வேறுபாட்டையும், இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது) சேர்த்த ஐசியு அமைப்பு சரிசெய்துவிடும். ஆனால் ஔவையாரை ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று உள்ளிட்ட பதிவுகளை எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது. அவற்றைத் தேடித் திருத்தும் சிறு நிரல் ஒன்றை அங்கேயே எழுதிப் பகிர்ந்துகொள்ளலாம். வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்ற வேண்டிய பட்டியல்களை வைத்திருப்பவர்களையும் கட்டாயம் அழையுங்கள்.

வலையமைப்பாளர்:
இடம் தருபவர்களிடம் முதலில் இணையத்தைப் பற்றிக் கேளுங்கள். கல்லூரிகளின் தீயரண் (ஃபயர்வால்) பெரும்பாலும் கிட் போன்ற நிரல் பகிர்வுக் கருவிகளை அனுமதிப்பதில்லை. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பதிவிறக்கத் தொடங்கினால் அனுமதி இருந்தும் பயனில்லை. டெபியன் இயங்குதளத்தில் கோஹா நிறுவப்பட்ட மெய்நிகர் கணினி (கணினிக்குள் இயங்கும் கணினி) ஒன்றைப் பென் டிரைவ்களில் பிரதியெடுத்து வைத்துவிடுவது நல்லது. மின்சார நீட்டிப்புப் பலகைகளையும் மறவாதீர்கள். சொந்த நூலகத்தின் தரவுத்தளத்தைக் கொண்டுவருவோர் உறுப்பினர் விவரங்களையும் இரவல் வரலாற்றையும் நீக்கிவிட்டே கொண்டுவர வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பெர்ல் கற்பவள்:
பட்டியலாளர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் நிரல் தெரியாத நூலகர்கள் அன்று வெறுமனே வேடிக்கை பார்க்கும்படி ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். கோஹாவில் ஒருவர் எழுதிய திருத்தத்தை மற்றொருவர் சோதித்து ஒப்பமிட்ட பிறகுதான் தரச் சோதனைக் குழு அதை எடுத்துக்கொள்ளும். அவ்வாறு ஒப்பமிட, கோஹா எழுதப்பட்டுள்ள பெர்ல் நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. உலாவியிலேயே திறக்கும் சோதனைக் களத்தில், எழுதியவர் கொடுத்துள்ள படிகளைச் செய்து பார்த்து, முடிவைப் பதிவிட்டால் போதும். இரவல், நிலுவைக் கட்டணம் போன்றவற்றில் நாள்தோறும் புழங்கும் நூலகரின் கண்ணில் படும் பிழை, நிரலாளரின் கண்ணில் படாமல் போவது இயல்பு. ஆகவே ஒரு நிரலாளர், ஒரு நூலகர் என்று இணை இணையாக உட்கார வைத்து, பிற்பகலில் இதைச் செய்யலாம்.

காவிரிக்கரையான்:
மூவருக்கும் நன்றி. முற்பகலில் மின்னல் உரைகளும் தமிழ்த் தேடலும், பிற்பகலில் இணைகளாகச் சோதனையும் என்று வைத்துக்கொள்கிறோம். வரவிருப்பவர்கள் தங்கள் நூலகத்தின் கோஹா பதிப்பு எண்ணையும், தேடியும் கிடைக்காத ஒரு தமிழ்த் தலைப்பையும் இங்கே பதிவிட்டால், பென் டிரைவில் ஏற்ற வேண்டிய மாதிரித் தரவை அதற்கேற்பத் தயாரிக்க முடியும்.