சொந்த கார், கம்பெனி வேலை, சிங்கப்பூர் துவாஸில் இடி: இன்சூரன்ஸ் தருமா?

பொங்கோல்_பையன் | திங்கள் இரவு 10.40
அவசரம். இன்னிக்குக் கம்பெனி வேலையா துவாஸ் போனப்போ, ரிவர்ஸ் எடுக்கையில நின்னுட்டிருந்த லாரியோட டெயில்கேட்ல இடிச்சிட்டேன். பின் பம்பர் உள்ள போயிடுச்சு, ரெண்டு சென்சர் அவுட். பட்டறையில 900 வெள்ளி கேக்குறாங்க. மைலேஜ் கிலோமீட்டருக்கு 55 காசு தர்றாங்க, "அதுலயே எல்லாம் அடக்கம்"னு எச்ஆர் சொல்லுது. கம்பெனிகிட்ட கேக்கவா, இன்சூரன்ஸ்ல கிளைம் பண்ணவா?

ஊபி_பட்டறை | 10.52
காம்ப்ரிஹென்சிவா (சொந்த வண்டிக்கும் காப்பு), தேர்ட் பார்ட்டியா (அடுத்தவங்களுக்கு மட்டும்)? எக்செஸ், அதான் கிளைம்ல நீங்க கட்ட வேண்டிய பங்கு, எவ்வளவு? என்சிடி, கிளைம் இல்லாததுக்குத் தர்ற பிரீமியம் தள்ளுபடி, எத்தனை சதவீதம்? லாரி எந்த நாட்டு ப்ளேட்? யாருக்காவது அடியா? இதெல்லாம் சொல்லாம பதில் எப்படி வரும் தம்பி.

ஈஆர்பி_எதிரி | 10.58
கிளைம் போச்சு. மைலேஜ் வாங்கினாலே அது வாடகை ஓட்டம். "கூலிக்கும் வாடகைக்கும் ஓட்டக்கூடாது"ன்னு எல்லா பாலிசியிலயும் இருக்கு.

மூத்த_கை | 11.15
சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு இங்கே எப்போதும் பஞ்சமில்லை. முதலாளி பயணச் செலவைத் திருப்பித் தருவது வாடகை ஆகாது. ஆளையோ சரக்கையோ காசுக்கு ஏற்றுவதுதான் வாடகை.

காப்புறுதிச் சான்றிதழில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வழக்கமான வாசகம்: சமூக, குடும்ப, பொழுதுபோக்குப் பயன்பாடு, அதோடு பாலிசிதாரரின் தொழில். கவனியுங்கள், பாலிசிதாரரின் தொழில். அடுத்த வரியில், மாதிரிப் பொருள் தவிர வேறு வணிகச் சரக்கு ஏற்றினால் காப்பு இல்லை என்று இருக்கும். ஆகவே கார் யார் பெயரில், பூட்டில் என்ன இருந்தது? இந்த இரண்டையும் முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

பொங்கோல்_பையன் | 11.31
காம்ப்ரி. எக்செஸ் 600. என்சிடி 50. சிங்கப்பூர் லாரி, அதுக்குக் கீறல்கூட இல்ல, யாருக்கும் அடி இல்ல. கார் மனைவி பேர்ல, நான் பாலிசியில பேர் சேர்த்த நேம்டு டிரைவர். பூட்ல டூல்பாக்ஸ், கஸ்டமருக்குக் குடுக்க வேண்டிய ஏர்கான் கம்ப்ரஸர் ஒண்ணு.

மூத்த_கை | 11.40
இதைத்தான் கேட்டேன்.

ஊபி_பட்டறை | 11.55
தம்பி, ரிப்போர்ட் வேற, கிளைம் வேற. 24 மணி நேரத்துக்குள்ள, இல்லன்னா அடுத்த வேலை நாளுக்குள்ள உங்க இன்சூரன்ஸ் சொல்ற ரிப்போர்ட்டிங் சென்டருக்குக் காரைக் கொண்டு போயிடணும். சின்ன இடியா இருந்தாலும்தான். போகலன்னா, நாளைக்கு லாரிக்காரர் மனசு மாறி கிளைம் போட்டா உங்க பக்கம் ஒண்ணும் இருக்காது, என்சிடியும் அடிபடலாம். "ரிப்போர்ட்டிங் ஒன்லி"ன்னு, அதாவது தகவல் மட்டும், கிளைம் இல்லன்னு சொல்லிப் பதியலாம். ரெண்டு வண்டி நம்பர் ப்ளேட்டும் தெரியுற படம், டேஷ்கேம் பதிவு ரெண்டும் எடுத்துட்டுப் போங்க. அடி இல்ல, வெளிநாட்டு வண்டி இல்ல, அதனால போலீஸ் ரிப்போர்ட் வேண்டாம்.

கிளைம் கணக்கு இது. 900ல எக்செஸ் 600 போனா கைக்கு வர்றது 300. 50ல இருக்கற என்சிடி அடுத்த ரினியூவல்ல 20க்கு இறங்கிடும். தள்ளுபடிக்கு முன்னாடி பிரீமியம் 2,000 வெள்ளின்னு வச்சுக்குங்க: தள்ளுபடி வருஷா வருஷம் திரும்ப ஏறுறதால முதல் வருஷம் 600 கூட, அடுத்து 400, அடுத்து 200. மொத்தம் 1,200. முந்நூறுக்கு ஆயிரத்து இருநூறு. கிளைம் பண்ணாலும் தள்ளுபடியைக் காப்பாத்துற என்சிடி ப்ரொடெக்டர் இருந்தா கணக்கு மாறும், அதை முதல்ல பாருங்க.

கணக்கு_மாமி | செவ்வாய் காலை 7.20
எக்செஸைக் கம்பெனி தரணும்னு சட்டம் இல்லை, மைலேஜுக்கும் சட்டப்படி இத்தனை காசுன்னு கிடையாது. வேலை கான்ட்ராக்ட்ல, கம்பெனியோட செலவு கிளைம் விதியில என்ன எழுதியிருக்குன்னுதான் பார்க்கணும். பெட்ரோல் லிட்டர் 2.80, வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர்னா எரிபொருளுக்கே 23 காசு. மீதி 32 காசுல டயர், சர்வீஸ், தேய்மானம். தேய்மானம் வருஷத்துக்கு 12,000 வெள்ளி, ஓட்டம் 15,000 கிலோமீட்டர்னா அதுவே 80 காசு. "எல்லாம் அடக்கம்"னு எச்ஆர் சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க.

இன்னொண்ணு. வேலைப் பயணத்துக்கு ஓடின கிலோமீட்டர்படி வாங்கினா வரி இல்லை, மசேநி (மத்திய சேம நிதி) பிடித்தமும் இல்லை. மாசா மாசம் நிலையான தொகையா குடுத்தா அது அலவன்ஸ், வரியும் உண்டு மசேநியும் உண்டு. வீட்டிலிருந்து ஆபீஸ் போற தூரம் சொந்தப் பயணம், அதைக் கழிச்சுட்டுத்தான் எழுதணும். எஸ் ப்ளேட் கார், அதாவது தனியார் கார், செலவைக் கம்பெனி வரிக்கழிவா காட்ட முடியாது, அதான் இவ்வளவு இறுக்கம்.

ஈஆர்பி_எதிரி | 7.45
சரி, மைலேஜ் வாடகை இல்ல. கூட வர்ற ரெண்டு சகாக்கள்கிட்ட பெட்ரோல் காசு வாங்கினா? அது வாடகைதானே?

மூத்த_கை | 8.02
2015ஆம் ஆண்டின் கார்பூல் விலக்கைப் படியுங்கள். செலவை மீட்கும் அளவுக்கு மட்டும் வாங்கலாம், நாளுக்கு இரண்டு பயணம், போகும் இடத்தை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். லாபம் வைத்தால் வாடகை.

ஈஆர்பி_எதிரி | 8.06
அப்போ கம்பெனியிலயும் மைலேஜ் வாங்கி, சகாகிட்டயும் வாங்கினா லாபம்தானே.

கணக்கு_மாமி | 8.10
தனி இழை போடுங்க ரெண்டு பேரும்.

ஊபி_பட்டறை | 8.25
பொங்கோல் தம்பி, கம்ப்ரஸர் விஷயத்தை மறைக்காதீங்க. டூல்பாக்ஸ் உங்க வேலைக் கருவி. கஸ்டமருக்கு பில் போடற கம்ப்ரஸர் சரக்கு. ரிப்போர்ட்ல பொய் எழுதினா அப்புறம் சின்ன இடியே பெரிய வழக்கு. இனிமே பாகங்களை கம்பெனி வேன்ல அனுப்பச் சொல்லுங்க. கார் மனைவி பேர்ல, வேலை உங்களோடது. அதனால உங்க முதலாளி வேலைக்கு ஓட்டுறதும் உள்ளடங்குமான்னு இன்சூரன்ஸுக்கு இமெயில் போட்டுப் பதில் வாங்கி வச்சுக்குங்க. போன்ல சொன்னது நிக்காது. காப்பு இல்லாம ஓட்டினா 1,000 வெள்ளி வரை அபராதம், மூணு மாசம் வரை சிறை, லைசென்ஸ் 12 மாசம் போகும்.

பொங்கோல்_பையன் | செவ்வாய் மாலை 6.50
ரிப்போர்ட் பண்ணியாச்சு. ரிப்போர்ட்டிங் ஒன்லி. பம்பர் சொந்தக் காசுலதான். நன்றி எல்லாருக்கும்.

ஊபி_பட்டறை | 7.05
இமெயில் போட்டீங்களா? என்ன பதில் வந்தது?

கணக்கு_மாமி | வியாழன் காலை 9.30
தம்பி? எச்ஆர் என்ன சொன்னாங்க?