புதுப்பிப்பு: திறந்த அணுகல் கொள்கை நிறைவேறிவிட்டது

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்க ஒரு கொள்கை கொண்டுவரப் பார்க்கிறோம், 'கட்டாயம்' என்றாலே பேராசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, 2008இல் ஹார்வர்டின் கலை அறிவியல் புலம் ஏற்ற முறையைப் பாருங்கள் என்ற யோசனைதான். அதையே நாங்களும் எடுத்துக்கொண்டோம்: கட்டுரையை வெளியிடும் உரிமத்தை அதை எழுதியவர்கள் முன்கூட்டியே பல்கலைக்கழகத்துக்கும் தந்துவிடுகிறார்கள். பதிப்புரிமை அவர்களிடமே இருக்கும். வேண்டாம் என்பவர் அந்தக் கட்டுரைக்கு மட்டும் விலக்கு கேட்கலாம், மறுக்காமல் தருவோம். இந்த வரியை வாசித்ததுமே கூட்டத்தில் பாதி எதிர்ப்பு அடங்கியது. இதுவரை விலக்கு கேட்டவர்கள் இரண்டே பேர்.

எதிர்பாராத தலைவலி கோப்பில் வந்தது. எல்லோரும் பதிப்பாளரின் அச்சுப் பிடிஎஃப்பையே அனுப்பினார்கள். எங்களுக்கு வேண்டியதோ மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட, பக்க வடிவமைப்புக்கு முந்தைய பிரதி. அதைத் தேடினால் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு' என்று கிடக்கிறது! அப்புறம், ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே கோப்பை நூலகத்துக்கு அனுப்பிவிடச் சொன்னோம். மற்ற விவரங்களை நூலகரே பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றுகிறார். இப்போது சரியாக வருகிறது.

கொள்கைக்கு முந்தைய கட்டுரைகளுக்கு இதழ்வாரியாகத் தடைக்காலம் (வெளியான பின் இலவசமாகப் பகிரக் காத்திருக்க வேண்டிய காலம்) பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு, இதழ்களின் பகிர்வு விதிகளைத் தேடிப் பார்க்க உதவும் ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) என்ற இணையதளம் போதும்.