புதுப்பிப்பு: தாத்தா வீட்டில் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்த விஷயம்

போன வாரம் கேட்டிருந்தேன்: கும்பகோணத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு, தினமும் காலையில் சமையலறை லைன் ஃபியூஸ் போகிறது, என்ன செய்யலாம் என்று. ஃபியூஸில் தடிமனான கம்பி போடச் சிலர் சொன்னீர்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

எலக்ட்ரீஷியன் வந்து பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றினார். வேறொரு லைனுக்கான கட்டையில் ஃபியூஸ் கம்பியே இல்லை. சாதாரண வயரின் செம்புக் கம்பிகளை முறுக்கிச் சொருகியிருக்கிறார்கள். அது எளிதில் உருகாது, அதற்குப் பதில் வயர்தான் சூடாகும். பரண் மேலே மரச்சட்டத்தில் ஓடும் அந்த லைனின் ரப்பர் உறை கருகி, தொட்டால் உதிர்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதற்கு நேர் கீழேதான் பாட்டி தூங்குகிறார்.

சமையலறை லைனில் காரணம் எளிது. 2000 வாட்ஸ் கீசரும் 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸும் ஒரே நேரத்தில் ஓடின. 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர். ஃபியூஸ் கம்பியோ 5 ஆம்பியருக்கானது. பாவம், ஃபியூஸ் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

சரி, இப்போது கீசருக்குத் தனி லைன், 20 ஆம்பியர் எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்). கருகிய லைன் முழுக்க மாற்றியாகிவிட்டது. எம்சிபி ஷாக்கிலிருந்து காப்பாற்றாது என்று சொல்லி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுக் கொடுத்தார். எர்த் குழியை அடுத்த வாரம் புதிதாகத் தோண்டுகிறார்கள்.