மறு: ஓவர்டப் – 'அடுக்குப்பதிவு' என்று வைத்துக்கொள்ளலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் அகராதிக்கான இசைப்பதிவுச் சொற்களில் ஓவர்டப் (முன்பே பதிவான ஒலியோடு சேர்ந்து ஒலிக்கும்படி இன்னொன்றைப் பின்னர் பதிவது) மட்டும் தமிழில் முடிவாகாமல் நிற்கிறது. மேற்பதிவு, கூட்டுப்பதிவு, ஒட்டுப்பதிவு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஒரே பாட்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அமெரிக்க இரட்டையரான பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் பாடிய 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்'தான் அந்தப் பாட்டு. ஓவர்டப் என்னவெல்லாம் செய்யும் என்பதை இவ்வளவு பளிச்சென்று காட்டும் சிங்கிள் (ஆல்பமாக இல்லாமல் ஒரு பாட்டுக்காகவே வெளியாகும் இசைத்தட்டு) வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

1964 மார்ச்சில் நியூயார்க்கில், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவில் இந்தப் பாட்டு முதலில் பதிவானது. இரண்டு குரல்களும் சாதாரண கிட்டாரும்தான் அதில் பிரதானம். டிரம்ஸ் கிடையாது. தயாரிப்பாளர் டாம் வில்சன், ஒலிப்பொறியாளர் ராய் ஹேலி. அந்த ஆண்டு அக்டோபரில் ஆல்பம் வந்தது, விற்கவில்லை. சைமன் இங்கிலாந்துக்குப் போய் சின்னச் சின்ன கிளப்களில் பாட ஆரம்பித்தார். கார்ஃபங்கல் கல்லூரிப் படிப்பைப் பார்த்துக்கொண்டார். இரட்டையர் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சவில்லை.

1965இல் பாஸ்டன், ஃபுளோரிடா பக்கத்து வானொலிகளில் இந்தப் பாட்டைப் போடச் சொல்லி மாணவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மின்கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்த நாட்டுப்பாடல்கள் அப்போதுதான் அமெரிக்காவில் ஓட ஆரம்பித்திருந்தன. வில்சனே அந்த நேரத்தில் பாடகர் பாப் டிலனோடு அந்த மாதிரிப் பதிவுகளில் இருந்தார். அவர் பழைய ஒலிநாடாவை எடுத்தார். ஆல் கோர்கோனி, வின்னி பெல் என்ற கிட்டார்க்காரர்களையும் டிரம்ஸுக்கு பாபி கிரெக்கையும் கூடவே பாஸ் வாசிக்க ஒருவரையும் உட்காரவைத்து, ஏற்கெனவே பதிவாகியிருந்த குரல்களைக் கேட்டுக் கேட்டு அவற்றோடு சேர்த்து வாசிக்கச் சொன்னார். பாடிய இருவருக்கும் இது தெரியாது. செப்டம்பரில் சிங்கிள் வெளியானது. ஐரோப்பாவில் இருந்த சைமனுக்கு அப்புறம்தான் விஷயமே எட்டியது. 1966 ஜனவரி 1ஆம் தேதியிட்ட பில்போர்டு என்ற அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் பாட்டு முதலிடத்தில் இருந்தது. அந்த வேகத்தில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள், ஜனவரியிலேயே அடுத்த ஆல்பமும் வந்துவிட்டது.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> கூட்டுப்பதிவு என்றால் எல்லாருக்கும் உடனே புரியும். பல கருவிகள் கூடுகின்றன, அவ்வளவுதானே.

புரியும், ஆனால் தலைகீழாகப் புரியும். கூட்டு என்றால் கூடியிருந்து செய்வது. ஒரே அறையில் எல்லாரும் மைக்கைச் சுற்றி நின்று ஒரே மூச்சில் பதிவு செய்த பழைய முறைக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். இந்த சிங்கிளில் வாசித்தவர்கள் ஓராண்டுக்கு மேல் கழித்து வந்தவர்கள். பாடியவர்களில் ஒருவர் நாட்டிலேயே இல்லை. 'கூட்டு' என்று எழுதினால், பாடியவர்களும் சம்மதித்துச் சேர்ந்து செய்ததுபோல் ஆகிவிடும். இந்தப் பாட்டின் விஷயத்தில் அது உண்மைக்கு நேர்மாறு. இந்தச் சொல்லை நான் அழுத்தமாகவே மறுக்கிறேன்.

> ஒட்டுப்பதிவு நல்ல சொல். ஒட்டுமாங்கன்று மாதிரி, அடிமரம் ஒன்று, மேலே வளர்வது வேறு.

ஐயா, உவமை எனக்கு ரொம்பப் பிடித்தது. அடிமரம் நாட்டுப்பாடல், ஒட்டியது ராக் என்று பார்த்தால் இந்தப் பாட்டுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் ஒலிநாடாக் காலத்தில் ஒட்டு என்பது ஒரு தனி வேலை. ஒரு டேக்கின் (ஒரு தடவை பாடிப் பதிந்ததன்) முதல் பாதியையும் இன்னொரு டேக்கின் பின்பாதியையும் பிளேடால் நறுக்கி ஒட்டுவார்கள். அதற்கு 'ஒட்டு', 'நாடா ஒட்டு' என்பதைவிட இயல்பான தமிழ் கிடைக்காது. ஒட்டு என்பது பக்கத்தில் பக்கமாக வைப்பது, ஓவர்டப் ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பது. ஆகவே அந்தச் சொல்லை அந்த வேலைக்கே விட்டுவைப்போம்.

மேற்பதிவுக்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கும் முதலில் அதுதான் சரியென்று பட்டது. சிக்கல் என்னவென்றால், கணினித் தமிழில் 'மேலெழுது' என்றால் இருப்பதை அழித்துவிட்டு எழுதுவது. மேற்பதிவு என்றதும் அதே பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும். கேசட் காலத்தில் பாட்டின் மேல் பாட்டு பதிந்தால் பழையது போய்விடும் என்பதும் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஓவர்டப்பில் பழையது போகாது. அது இருப்பதால்தான் புதியதற்கே வேலை.

அதற்காக மேற்பதிவை வீணாக்கவும் வேண்டாம். லெஸ் பால், மேரி ஃபோர்டு என்ற இன்னொரு இரட்டையர் இருந்தார்கள். 1951இல் அவர்களுடைய 'ஹவ் ஹை த மூன்' ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. ஒரு குரலைப் பல குரலாகவும் ஒரு கிட்டாரைப் பல கிட்டாராகவும் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். நாடாவில் இருப்பதை ஒலிக்கவிட்டு, கூடவே புதிதாகப் பாடி, இரண்டும் கலந்த ஒலியை அதே நாடாவில் மறுபடி பதிவார்கள். பழைய பதிவு அந்தக் கணமே அழிந்துவிடும். எட்டாவது தடவை பாடும்போது ஒரு சொல் பிசகினால் முந்தைய ஏழும் போச்சு, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதற்கு 'மேற்பதிவு' கனகச்சிதம். பின்னால் ஆம்பெக்ஸ் நிறுவனம் ஒரே நாடாவில் எட்டு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதியும் இயந்திரத்தை லெஸ் பாலுக்குச் செய்து கொடுத்தது. அது 1957இல் அவர் கைக்கு வந்த பிறகு ஒவ்வொன்றும் தன் தடத்தில் தனியே இருந்தது, பிசகினால் அந்த ஒரு தடத்தை மட்டும் திரும்பப் பாடினால் போதும்.

இப்படிப் பழையதைக் கலைக்காமல் அதன் மேல் வைப்பதற்கு 'அடுக்குப்பதிவு' என்பது என் முன்மொழிவு. வினையாக எழுதும்போதும் தடுக்காது: "டிரம்ஸை அடுக்கிப் பதிந்தார்கள்", "அடுத்த அடுக்கில் வயலின் வரும்".

> அடுக்கு என்றால் அடுக்குத்தொடர் நினைவுக்கு வருகிறது. சொன்னதையே சொல்வது என்று ஆகாதா?

அந்த நினைவு வருவது நல்லதுதான் அக்கா. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது, அடுக்குத்தொடரைப் பிரித்தாலும் பொருள் தரும் என்று பள்ளியில் படித்தோமே. 1964 பதிவு இன்றும் அந்த முதல் ஆல்பத்தில் தனியாக இருக்கிறது, தனியாகவே முழுப்பாட்டாக நிற்கிறது. அடியடுக்கைப் பிரித்தெடுத்தாலும் பொருள் தரும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சிங்கிளில் முதல் சரணம் கிட்டாரோடு போகும், இரண்டாவது சரணத்தில்தான் டிரம்ஸ் நுழையும். முதலில் பாடியபோது தாளத்துக்கு யாரும் இல்லை, இருவரும் தங்கள் மூச்சுக்கு ஏற்ப இழுத்தும் விரைந்தும் பாடியிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த ஏற்ற இறக்கத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் டிரம்ஸ் சற்றுத் தயங்கிக் குரலுக்காகக் காத்து நிற்பது காதில் விழும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அந்த இடம்தான் மனத்தில் நிற்கிறது. அடுக்குகளுக்கு நடுவிலுள்ள ஓராண்டு இடைவெளி அங்கே வெளிப்படையாகக் கேட்கிறது.

நம் ஸ்டூடியோக்களில் 'ட்ராக் பாடுவது' என்று ஒன்று உண்டு. அதை இதில் சேர்க்கக் கூடாது. ட்ராக் பாடியவரின் குரல் பெரும்பாலும் நீக்கப்பட்டு, பெரிய பாடகரின் குரல் வைக்கப்படும். அது மாற்றுப்பதிவு. படத்துக்கு டப்பிங் பேசுவதும் வேறு, அதற்குக் 'குரற்பதிவு' இருக்கிறது.

சிங்கிளுக்குத் 'தனிப்பாடல்' வேண்டாம், காளமேகத்தின் நினைவு வந்துவிடும். சிங்கிள் என்றே இருக்கட்டும்.

அகராதிப் பதிவு இப்படி இருக்கலாம்:

அடுக்குப்பதிவு – முன்பே பதிவான ஒலியைக் கேட்டபடி, அதை அழிக்காமல், அதனோடு ஒலிக்கும்படி வேறொரு ஒலியைப் பின்னர் பதிதல். எ-டு: பாடியவர்களுக்குத் தெரியாமலே தயாரிப்பாளர் மின்கிட்டாரை அடுக்குப்பதிவு செய்தார்.

எடுத்துக்காட்டில் 'தெரியாமலே' என்பதை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நுட்பம் வந்த பிறகுதான் அப்படி ஒன்று நடக்க முடிந்தது.

மறுப்பு இருந்தால் வரும் ஞாயிறுக்குள் எழுதுங்கள். அப்படியே இன்னொன்று: தாளம் தவறாமல் இருக்கக் காதில் மட்டும் ஒலிக்கவிடும் க்ளிக் ட்ராக்குக்குத் 'தாளத்தடம்' என்று போடலாமா? ஸ்டூடியோவில் வாசிப்பவர்கள் சொன்னால் நல்லது.